ஏழாம் கட்டிலின் நேர்கோடு

அந்த மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அஹமது கபீரின் சர்க்கரையைப் போல ஒழுக்கமான சர்க்கரை வேறு யாருக்கும் இல்லை என்பது மேலிடம் வரை ஒப்புக்கொண்ட விஷயம். ஏழாம் கட்டிலுக்கு மேலே தொங்கிய திரையில் அது ஒரு நீலக் கோடாக ஓடியது. பக்கத்துக் கட்டில்களின் கோடுகள் ஏறி இறங்கித் தள்ளாடிக்கொண்டிருந்தன. கபீருடையது மட்டும் அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல நேராகப் போனது. கோட்டின் முனையில் ஒரு மஞ்சள் முகம் சிரித்தது. காலையில் வரும் டாக்டர்கள் வரிசையாக நின்று அந்த முகத்தைப் பார்த்துத் தாங்களும் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.

கீழே படுத்திருந்த கபீரும் ஒருநாள் அவர்களைப் பார்த்துச் சிரித்துப் பார்த்தார். அது எதிலும் பதிவாகவில்லை.

கபீருக்கும் அவர் மனைவி கதீஜாவுக்கும் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பயணப்பெட்டிக் கடை. ஊருக்குப் போகிறவர்கள் கடைசி நேரத்தில் ஓடிவந்து வாங்கும் பெரிய பெட்டிகள், பூட்டு, எடை பார்க்கும் கொக்கி, கட்டும் கயிறு எல்லாம் அங்கே கிடைக்கும். நோன்பு தொடங்கும் சமயத்தில் கபீருக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் முற்றி, மூச்சுக்குழாய் போடும் அளவுக்குப் போய்விட்டது. ஆயுளில் சர்க்கரை நோயே இல்லாத மனிதருக்கு அப்போது சர்க்கரையும் எகிறியது. உடம்பு உயிருக்குப் போராடும்போது அப்படி ஏறும், நோய் தணிந்தால் தானே இறங்கிவிடும் என்று சொன்னார்கள். அந்த நாட்களில் ஹார்மனி என்ற கணினி பார்த்துப் பார்த்து இன்சுலின் அளந்து கொடுத்தது. கதீஜா அதற்காக அதை மனதார வாழ்த்தினாள். தொழுகையில் துஆ கேட்கும்போது டாக்டர், நர்ஸுகளோடு அதையும் சேர்த்துக்கொண்டாள்.

சொன்னபடியே நோய் தணிந்தது. சர்க்கரையும் இறங்கியது. மூச்சுக்குழாயை எடுத்தார்கள். கபீர் எழுந்து உட்கார்ந்தார். கடை ஷட்டரை இரண்டு பூட்டுப் போட்டு மூடினாயா என்று கேட்டார். பிறகு நுரை பொங்க ஆற்றிய டீயான தே தாரிக் கேட்டார். இனி வார்டுக்கு மாற்றுவார்கள், பெருநாளுக்கு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கதீஜா நினைத்தாள். நோய் குணமானால் போதும் என்று அவள் நம்பியிருந்தாள், பாவம்.

ஹார்மனியின் பொறுப்பாளர் டாக்டர் பாலகிருஷ்ணன். தமிழ் மொழி மாதத்தில் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர். ஒலிவாங்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்தி வாசிப்பதுபோலத்தான் பேசுவார்.

"டாக்டர், அவருக்கு இப்ப எவ்வளவு இன்சுலின் போகுது?" என்று கதீஜா கேட்டாள்.

"பூஜ்யம்."

"அப்ப மருந்தே கொடுக்கலையா?"

"அப்படிச் சொல்லக் கூடாது, திருமதி கபீர். நாங்கள் பூஜ்யம் கொடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் தாதி விரலில் குத்தி எண்ணை உள்ளிடுகிறார். ஹார்மனி ஆராய்ந்து பூஜ்யத்தைப் பரிந்துரைக்கிறது. தாதி பூஜ்யத்தை வழங்குகிறார். ஒரு தடவைகூட மீறவில்லை. கடைப்பிடிப்பு விகிதம் நூற்றுக்கு நூறு. மற்ற கட்டில்களில் இது சாத்தியப்படவில்லை. அங்கே நோயாளிகள் மிகவும் நோயுற்றிருக்கிறார்கள்."

"அப்ப இவருக்கு ஹார்மனி வேணாமே. வார்டுக்கு அனுப்பிடலாமே?"

டாக்டர் பாலகிருஷ்ணன் திரையைப் பார்த்தபடியே புன்னகை செய்தார். "நன்றாக இருக்கும் ஒருவரை ஏன் மாற்ற வேண்டும்? வார்டில் ஹார்மனி கிடையாது. அங்கே அவர் நன்றாக இருக்கிறார் என்பது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே டாக்டர்" என்றார் கபீர் கட்டிலிலிருந்து. "பசிக்குது எனக்கு."

"பசியை உள்ளிட ஹார்மனியில் இடமில்லை" என்றார் டாக்டர் வருத்தத்தோடு. வருத்தம் உண்மையானதுதான். அடுத்த பதிப்பில் சேர்க்கச் சொல்லி எழுதிப் போட்டிருந்தார்.

சாப்பாட்டு விஷயம் அதைவிடச் சிக்கல். மூக்கு வழியாகப் போகும் குழாயில் மணிக்கு இத்தனை மில்லிலிட்டர் பால் என்று போட்டால்தான் ஹார்மனிக்குப் புரியும். ஒரு மனிதன் வாயால் சாப்பிடுவதை அது அறியாது. மென்று விழுங்கக்கூடிய கபீருக்கு இதனால் மூக்கு வழியே பால் போய்க்கொண்டிருந்தது. பள்ளிவாசலில் வாங்கிவந்த நோன்புக் கஞ்சியையாவது கொடுக்கலாமா என்று கதீஜா கேட்டாள். கஞ்சி திரவம் என்பதால் அந்தக் கேள்வியை உடனே தள்ளிவிட முடியவில்லை. ஊட்டச்சத்துக் குழு கூடியது. கஞ்சிக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்தது. அதிலுள்ள அரிசி, இறைச்சி, வெந்தயம், தேங்காய்ப்பால் ஆகியவற்றை நீக்கிவிட்டுக் கொடுக்கலாம் என்றார்கள்.

நீக்கியபின் மிஞ்சுவது வெந்நீர்தானே என்று கதீஜா கேட்டாள். வெந்நீருக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று பதில் வந்தது.

இவ்வளவுக்கும் காரணத்தை அவளுக்கு விளக்கியவள் வர்ஷா. நோயாளிகளின் அனுபவத்தைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரி. இளம்பெண், நல்ல பெண், எப்போதும் அவசரத்தில் இருப்பாள்.

"ஆன்ட்டி, வெள்ளிக்கிழமை ஜட்ஜஸ் வர்றாங்க. நேஷனல் லெவல் அவார்ட் லா. ஒரு பேஷண்டை லைவா காட்டணும். அங்கிள்தான் நம்ம ஸ்டார்! அது முடிஞ்சதும் ரிவ்யூ பண்ணிடலாம்."

"ஞாயித்துக்கிழமை பெருநாள் பாப்பா. வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் விட்டுடுவீங்களா?"

"ரிவ்யூ பண்ணுவோம் ஆன்ட்டி. வின் பண்ணிட்டா மத்த ஹாஸ்பிடல்லேர்ந்து பார்க்க வருவாங்க. அப்பவும் ஒரு நல்ல பேஷண்ட் வேணும்ல?"

தன் கணவரைக் கடையின் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்த பெட்டியாக்கிவிட்டார்கள் என்று கதீஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. காட்சிப் பெட்டியை யாரும் விற்பதில்லை. அது அங்கேயே வெளுத்துப்போகும். கபீரும் வெளுத்துக்கொண்டுதான் இருந்தார். கால்கள் குச்சியாகிவிட்டன. பக்கத்தில் ஒவ்வொரு நோயாளியாகப் புதுப்புதுக் கிருமியோடு வந்து இறங்கினார்கள்.

சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறோம் என்றாள். தாராளமாகப் போடலாம் என்றார்கள். ஆனால் தீவிர சிகிச்சையில் இருப்பவர் தெளிந்த மனநிலையில் இருப்பதாகக் கொள்ள முடியாதாம். அவர் கையெழுத்து செல்லாதாம். வார்டுக்குப் போனபின் போட்டால் செல்லும். வார்டுக்கு எப்போது போவார் என்று கேட்டால், திரும்பவும் மஞ்சள் முகத்தைக் காட்டினார்கள்.

"கீழ அவசரப் பிரிவுல இந்தக் கட்டிலுக்காக ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க டாக்டர்" என்று கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தாள். காத்திருப்போர் அறையில் அவர்களுடைய வீட்டுப் பெண்கள் அழுவதை அவள் தினமும் பார்த்தாள்.

டாக்டர் பாலகிருஷ்ணன் யோசித்தார். "அவர்களுடைய சர்க்கரை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதே" என்றார்.

அந்த நாட்களில் கதீஜாவைத் தாங்கிப் பிடித்தது மாலை நேரத்து ஒரு நிமிஷம்தான். கல்யாணமான முதல் நோன்பிலிருந்து அவர்களுக்குள் ஒரு வழக்கம். பாங்கு சொன்னதும் கபீர் பேரீச்சம்பழங்களை அமுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே மெதுவானதை எடுத்து அவள் கையில் கொடுப்பார். அதில்தான் அவள் நோன்பு திறப்பாள். சண்டை போட்டுக்கொண்ட நாட்களிலும் பேசாமல் நீட்டிவிட்டுப் போவார். ஆஸ்பத்திரியிலும் அது நிற்கவில்லை. அவர் சாப்பிட முடியாது, ஆனால் எடுத்துக் கொடுக்கலாமே. கதீஜா டப்பாவைத் திறந்து நீட்டுவாள். அவர் வலது கையால் அமுக்கி அமுக்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார். பிறகு பிசுபிசுத்த விரல்களை மூக்கில் வைத்து ஆசையாக முகர்ந்துகொள்வார். அவள் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். ஏழாம் கட்டில் நர்ஸ் கண்மணி அந்த ஒரு நிமிஷம் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் சர்க்கரைக்குக் குத்துவது எப்போதும் இடது கையில். அந்த விரல்கள் சல்லடையாகியிருந்தன.

வெள்ளிக்கிழமைக்கான ஒத்திகை புதன்கிழமையே ஆரம்பித்துவிட்டது. கபீரின் தாடியைத் திருத்தினார்கள். கோட்டின் நீலத்துக்குப் பொருத்தமாகப் போர்வை வந்தது. ஐந்தாம் கட்டிலின் கோடு மலைத்தொடராக இருந்ததால் துணித்திரையை இழுத்து மறைத்தார்கள். எட்டாம் கட்டிலின் கோட்டை மறைக்க வழியில்லாமல், அந்தக் கணினித்திரையில் ஆர்க்கிட் மலர்ப் படம் போட்டார்கள்.

கதீஜா பேச வேண்டியதை வர்ஷா சொல்லிக்கொடுத்தாள். "தமிழ்லயே பேசுங்க ஆன்ட்டி, வீடியோவுக்கு அழகா இருக்கும். முதல்ல சோகம், அப்புறம் நிம்மதி. நிம்மதி வரும்போது அங்கிள் கையைப் பிடிச்சுக்கணும். ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே."

"அவரைப் பாக்க வேணாமா?"

"அங்கிளைப் பாத்தா உங்க முகம் கேமராவுக்கு வராது."

இன்னொரு மாற்றமும் செய்தாள். இடது பக்கம் மருந்துக் கம்பம் நின்று காட்சியை மறைத்தது. அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் வலது கை விரலில் குத்த வேண்டும் என்று கண்மணியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகலே நடுவர்கள் உட்பட எல்லோரும் தயார். நடுவர்களோடு பார்வையிட அழைத்திருந்த சிறப்பு விருந்தினர் மட்டும் வரவில்லை. வேறொரு மருத்துவமனையில் வேறொரு விருதின் விழா நீண்டுவிட்டதாம். கபீருக்கு விரலில் குத்த வேண்டிய நேரம் வந்தது. விருந்தினர் முன்னால்தான் குத்த வேண்டும் என்று நிறுத்தி வைத்தார்கள். எண் வராதபோது ஹார்மனி பழைய எண்ணையே வைத்துக்கொண்டு கோட்டைத் தானாக இழுத்துக்கொண்டு போகும். அப்படியே போனது. மஞ்சள் முகம் இன்னும் பிரகாசமாகச் சிரித்தது.

"பார்த்தீர்களா?" என்று டாக்டர் பாலகிருஷ்ணன் நடுவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "இதற்கு எப்போதும் ரத்தம்கூடத் தேவைப்படுவதில்லை."

பொழுது சாய்ந்தது. கதீஜாவின் கைப்பேசியில் பாங்கு மெல்ல ஒலித்தது. விருது வந்தாலும் வராவிட்டாலும் நோன்பு திறக்காமல் முடியுமா. அவள் டப்பாவைத் திறந்து நீட்டினாள். கபீர் அன்று வெகுநேரம் தேடினார். தேன் கசியும் ஒரு பழத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ஈரத்துணியை எடுக்க அவள் திரும்பும் அதே கணத்தில் கதவு திறந்தது. விருந்தினர் வந்துவிட்டார். பின்னாலேயே கேமரா. வர்ஷா டப்பாவையும் துணியையும் போர்வைக்கு அடியில் தள்ளினாள். பழம் கதீஜாவின் கைக்குள்ளேயே இருந்தது.

டாக்டர் பாலகிருஷ்ணன் பேசினார். ஒரு காலத்தில் மருத்துவர்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்து ஊகித்தார்கள் என்றும், அந்த இருண்ட காலம் முடிந்துவிட்டது என்றும் சொன்னார். "இன்று நாங்கள் நோயாளியைப் பார்ப்பதே இல்லை" என்று முடித்தார். கைதட்டல் எழுந்தது.

கண்மணி கபீரின் வலது கை விரலை மருந்துப் பஞ்சால் ஒருதரம் துடைத்துக் குத்தினாள். பேரீச்சம்பழப் பிசுக்கு ஒருதரம் துடைத்துப் போகிற பொருளா? துளி ரத்தம் கருவிக்குள் போனது. எண் வந்தது. இருபத்தாறு. அந்த ஊர்க் கணக்கில் ஆறுதான் இயல்பான அளவு; ஆறில் கிடந்த சர்க்கரை இப்போது இருபத்தாறு. நீலக் கோடு செங்குத்தாக எழும்பித் திரையின் கூரையை முட்டியது. மஞ்சள் முகம் சிவந்து உதட்டைப் பிதுக்கியது. எச்சரிக்கை மணி அலறியது. கதீஜா அதுவரை அந்த முகம் அழுது பார்த்ததில்லை.

பத்து யூனிட் இன்சுலினை உடனே செலுத்தவும் என்று திரையில் கொட்டை எழுத்தில் வந்தது. கீழே 'ஏற்கிறேன்' என்று பெரிய பச்சைப் பொத்தான். ஓரத்தில் 'மறுக்கிறேன்' என்று பொடி எழுத்து.

"சார், இவரு நல்லாப் பேசிட்டிருக்காரு. திரும்ப ஒருதரம் பாத்துடட்டுமா?" என்றாள் கண்மணி.

"மறுபரிசோதனைக்கு ஹார்மனி இன்னும் நேரம் குறிக்கவில்லை" என்றார் டாக்டர், உதடு அசையாமல்.

"டாக்டர், எனக்கு ஒண்ணுமில்ல. பேரீச்சம்பழம் எடுத்தேன், அந்தப் பிசுக்கு இது" என்று கபீர் விரலைக் காட்டினார்.

"நோயாளி கூறுவதை உள்ளிட வசதியில்லை, திரு கபீர்."

"மறுத்துடலாம் சார்."

"என்ன காரணம் தந்திருக்கிறார்கள்?"

கண்மணி பொடி எழுத்தைத் தட்டிப் படித்தாள். "மருந்து கையிருப்பில் இல்லை. நோயாளி கட்டிலில் இல்லை. நோயாளி இறந்துவிட்டார். மூணுதான் சார்."

டாக்டர் பாலகிருஷ்ணன் திரையைப் பார்த்தார். விருந்தினரைப் பார்த்தார். நூற்றுக்கு நூறைப் பார்த்தார். "மருந்தை எடுங்கள்" என்றார்.

கண்மணி அலமாரிப் பக்கம் நகர்ந்தாள், நடக்கத் தெரியாதவள்போல. காரணமில்லாமல் இன்சுலின் போனால் என்ன ஆகும் என்று கதீஜாவுக்கு அந்த வாரங்களில் போதுமான அளவு காதில் விழுந்திருந்தது. மூச்சுக்குழாயோடு போராடி மீட்ட மனிதனை ஒரு பழத்துக்காகக் கொன்றுவிடுவார்களா? சோகம், நிம்மதி எல்லாம் மறந்துபோயிற்று. கபீர் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்வதற்காகக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த தண்ணீர்ப் பாத்திரத்தை இழுத்தாள். கேமராவுக்கும் கட்டிலுக்கும் நடுவே முதுகைக் காட்டி நின்று, அவருடைய வலது கையை அதில் முக்கி, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள்.

"இப்பக் குத்து கண்மணி" என்றாள்.

கண்மணி யாருடைய முகத்தையும் பார்க்காமல் வந்து குத்தினாள். ஆறு.

கோடு கூரையிலிருந்து தொபுக்கென்று விழுந்து பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. மணி நின்றது. முகம் சிரிப்பதா அழுவதா என்று சற்றுத் தடுமாறி, கடைசியில் சிரித்தது.

நடுவர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே வந்தார். "இருபத்தாறிலிருந்து ஆறு. எவ்வளவு நேரத்தில்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ரெண்டு நிமிஷம் இருக்கும்" என்றாள் கண்மணி.

"எவ்வளவு மருந்து கொடுத்தீர்கள்?"

"இன்னும் கொடுக்கவே இல்லை."

நடுவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் பாலகிருஷ்ணனுக்கு விஷயம் பிடிபட அரைக் கணம்தான் ஆனது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதைத்தான் உங்களுக்கு இறுதியில் காட்டலாம் என்றிருந்தேன். சாதாரணக் கணினிகள் மருந்தைப் பரிந்துரைக்கும், மருந்து சர்க்கரையைக் குறைக்கும். ஹார்மனி அந்த நிலையைக் கடந்துவிட்டது. அதன் பரிந்துரையே போதும்."

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது. விருந்தினர் நெகிழ்ந்துபோய்க் கதீஜாவை நான்கு வார்த்தை பேசச் சொன்னார்.

"அவரை வீட்டுக்கு அனுப்புங்க" என்றாள் கதீஜா.

"இதுவே தங்கள் வீடு மாதிரி இருக்குதுன்னு சொல்றாங்க" என்று வர்ஷா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். கதீஜாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். திருத்துவதற்குள் விருந்தினர் கை குலுக்கிவிட்டு, எட்டாம் கட்டிலின் ஆர்க்கிட்டைப் பாராட்டப் போய்விட்டார்.

எல்லோரும் சிற்றுண்டிக்குப் போனபின் டாக்டரும் வர்ஷாவும் கட்டிலருகே வந்து நின்றார்கள். இப்போது அவர்கள் முகத்தில் சிரிப்பில்லை.

"டாக்டர், இந்த மாதிரி ஷார்ப் ஃபால் வந்தா ஆட்டோமேடிக்கா என்கொயரி ஓபன் ஆகும். அதுக்கு மேல, ரெகமண்டேஷனை நாம ஃபாலோ பண்ணல. ஹண்ட்ரட் பர்சென்ட் போச்சு."

"மறுப்பதற்கான காரணங்களை மறுபடி வாசியுங்கள்" என்றார் டாக்டர்.

கண்மணி வாசித்தாள். நோயாளி கட்டிலில் இல்லை என்ற இரண்டாவது காரணத்தில் டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். பிறகு, எத்தனையோ நாட்களுக்குப் பின் முதல்முறையாக, திரையிலிருந்து கண்ணை இறக்கிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தார். தலை முதல் கால் வரை நன்றாகவே பார்த்தார்.

"இவர் ஏன் இன்னும் இங்கே இருக்கிறார்?" என்றார்.

அதன்பின் எல்லாம் தலைதெறிக்கும் வேகத்தில் நடந்தது. பாங்கு சொல்வதற்கு முன்பே கபீர் வார்டுக்குப் போய்விட்டார் என்று முடிவாயிற்று. போய்விட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க நான்கு பேர் ஓடிவந்தார்கள். கட்டிலோடு உருட்டிக்கொண்டு ஓட, கதீஜா அவருடைய செருப்பையும் கஞ்சி பிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். லிஃப்ட் கதவு மூடியது.

"நோன்பு திறந்தியா?" என்று கபீர் கேட்டார்.

அப்போதுதான் அவள் இடது கையை விரித்துப் பார்த்தாள். பழம் நசுங்கி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிஸ்மி சொல்லி அதை எடுத்து வாயில் போட்டாள். மெல்ல முடியாமல் அழுகை வந்தது. கபீர் அவள் முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

வார்டில் இருந்த டாக்டரம்மா கபீரைச் சோதித்துவிட்டு, மூக்கில் எதற்குக் குழாய் என்று கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எடுத்துவிட்டார்கள். அன்றிரவு கஞ்சி, மறுநாள் காலை ரொட்டி, தே, மாலையில் வீடு. சுவா சூ காங்கில் தங்கள் புளோக்கின் கீழே டாக்சி நின்றபோது கபீர் பத்தாம் மாடியை நிமிர்ந்து பார்த்து, "விளக்கை அணைக்காம வந்திருக்கே" என்றார். கதீஜாவுக்கு அந்தக் குறை கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பெருநாள் காலையில் அவர் புதுச்சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுதுவிட்டு, தே குடித்துக்கொண்டிருக்கும்போது வர்ஷா கூப்பிட்டாள்.

"ஸெலாமத் ஹரி ராயா ஆன்ட்டி! குட் நியூஸ்! ஃபைனலுக்குப் போயிட்டோம். அங்கிளோட கோடு இன்னும் நேராப் போகுது, தெரியுமா?"

"எந்தக் கோடு? அவர் இங்கல்ல இருக்காரு?"

"அவசரத்துல சிஸ்டத்துலேர்ந்து அங்கிளை எடுக்காம விட்டுட்டோம். என்கொயரி வராம இருக்க அந்த ரெண்டு ரீடிங்கை மட்டும் எடுத்துட்டோம். இப்ப யாரும் குத்தறதில்ல, அதனால ஹார்மனி தானாவே போட்டுக்கிட்டு போகுது. நூத்துக்கு நூறு. டாக்டர் சொல்றாரு, இதுவரைக்கும் வந்ததுலயே பெஸ்ட் பேஷண்ட் இதுதானாம்."

"கட்டில்ல யாரும்மா இருக்கா?"

"யாரும் இல்ல ஆன்ட்டி. ஃபைனல் முடியற வரைக்கும் யாரையும் போட வேணாம்னு சொல்லியிருக்காங்க."

கதீஜா போனைக் காதிலிருந்து எடுத்துக் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். காத்திருப்போர் அறையில் அழுத பெண்களை இருவருமே நினைத்துக்கொண்டார்கள். கபீர் போனை வாங்கினார்.

"பாப்பா, மூணாவது காரணம் ஒண்ணு இருந்துச்சே. நான் மௌத்தாயிட்டேன்னு போட்டுடு. கட்டிலை யாருக்காவது கொடு."

வர்ஷா பதறிப்போனாள். "அங்கிள், டெத் போட்டா பர்சென்டேஜ் போயிடும்!"

கபீர் போனை வைத்தார். கோப்பையில் மிச்சமிருந்த தேயைக் குடித்து முடித்தார். பெருநாள் அன்று முதலில் யார் வீட்டுக்குப் போவது என்பதில் அவர்களுக்குள் ஆண்டுதோறும் வழக்கு நடக்கும். அவர் அக்கா வீடா, இவள் அண்ணன் வீடா என்று. இந்த வருஷம் வழக்கு நடக்கவில்லை. கதீஜா டாக்சிக்குச் சொல்லிவிட்டு, பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே மெதுவான ஒன்றை எடுத்தாள். இந்த முறை அவள் அவரிடம் கொடுத்தாள். அவர் பாதியைக் கடித்துத் தின்றார். மீதியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டார்.

ஏழாம் கட்டில் கச்சிதமாக விரிக்கப்பட்டுக் காலியாக இருந்தது. மேலே திரையில் கோடு நேராக ஓடியது. முகம் சிரித்தது. கபீரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு கதீஜா உள்ளே வந்ததைப் பார்த்து, பணியில் இருந்த கண்மணி எழுந்து நின்றாள்.

"பெருநாள் வாழ்த்து சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்" என்றாள் கதீஜா.

கபீர் வலது கையின் சுட்டுவிரலை நீட்டினார். அதில் தேன் மினுங்கியது.

"குத்தும்மா" என்றார்.

கண்மணி விரலைப் பார்த்தாள். மருந்துப் பஞ்சு இருந்த டப்பாவைப் பார்த்தாள். அதை எடுக்காமல் மூடி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே ஊசியை எடுத்தாள். மணி அலறத் தொடங்கியதும் டாக்டர் பாலகிருஷ்ணன் வீட்டிலிருந்து போனில் வந்தார். நூற்றுக்கு நூறு போய்விடுமே என்று பதறி, கபீரைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டுக் கட்டிலை உடனே காலி செய்யும்படி உத்தரவிட்டார். கண்மணி சரியென்று சொல்லிவிட்டு, காத்திருப்பவரை அனுப்பச் சொல்லி அவசரப் பிரிவைக் கூப்பிட்டாள்.